படகிலிருந்து இறங்கி மலை ஏறும் உடம்பு

போர்ட் டிக்சன் கடற்கரையிலிருந்து சிரம்பான் வழியாக உலு பெண்டுல் வரை சாலைத் தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஒரு முனையில் மலாக்கா நீரிணை. மறுமுனையில் 825 மீட்டர் உயரமுள்ள குனோங் ஆங்சி. நடுவே செண்டாயான். ஒரு காலத்தில் பால்மரம், பிறகு செம்பனை, இன்று புதுக் குடியிருப்புகள், தொழிற்பேட்டை, விமானப் படைத் தளம். இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் குளியல். மலை என்றால் பள்ளி விடுமுறை. இரண்டும் ஒரே பயணத்தில் ஒரே உடம்புக்கு வந்தால் என்ன ஆகும்?

ஒரு பாய்மரப் படகு முப்பது மணி நேரம் நீரிணையில் ஆடி அசைந்து போர்ட் டிக்சனுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். நங்கூரம் விழுந்ததும் இரண்டு பேர் கரைக்குத் தாவி, சைக்கிளில் செண்டாயானைக் கடந்து, ஆங்சியின் உச்சியைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்புகிறார்கள். அவர்கள் ஏறியதும் படகு பாயை விரித்து வடக்கே அடுத்த மலைக்குப் புறப்படுகிறது. அந்த இருவரின் காதுக்குள்ளும் தொடைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் நடப்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

நீரிணையில் இப்படியொரு பந்தயம் எனக்குத் தெரிந்து நடந்ததில்லை. பிரிட்டனில் 1977-லேயே தொடங்கிவிட்டது. அதற்கு விதை போட்டவர் ஹரால்டு வில்லியம் டில்மன்.

டில்மன் 1898-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர். பிறகு கென்யாவில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். 1936 ஆகஸ்ட் 29 அன்று, நோயல் ஓடெல் என்பவருடன் இமயத்தின் நந்தாதேவி உச்சியில் நின்றார். உயரம் 7,816 மீட்டர். 1950-இல் அன்னபூர்ணா ஏறப்படும் வரை மனிதர் தொட்ட சிகரங்களில் அதுவே உயரமானது. 1938-இல் எவரெஸ்ட் முயற்சி ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு உயரமான மலைகள் கைகொடுக்கவில்லை. ஓய்வெடுத்திருக்கலாம். அவர் 1954-இல் ஒரு பழைய படகை வாங்கினார். 1906-இல் கட்டிய மரப் படகு, பெயர் மிஸ்சீஃப். பாதை இல்லாத மலைகளுக்குக் கடல் வழியாகப் போகலாம் என்பது அவர் கண்ட வழி. தென்னமெரிக்காவின் முனைவரை பாய்மரத்தில் போய், படகை விட்டு இறங்கி, படகோனியப் பனிப்பரப்பைக் கால்நடையாகக் கடந்தார். அடுத்த இருபது ஆண்டுகள் கிரீன்லாந்துக்கும் தென்முனைக் கடல்களுக்கும் போய்வந்தபடியே இருந்தார். அதில் இரண்டு படகுகளைப் பறிகொடுத்தார். 1977 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவிலிருந்து தெற்கே புறப்பட்ட ஆன் அவான் என்ற படகில் அவரும் இருந்தார். போன நோக்கம், அண்டார்க்டிக் ஓரத்துத் தீவு ஒன்றில் மலை ஏறுவது. அந்தப் படகு திரும்பவில்லை. எண்பதாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்களே இருந்தன.

அவர் குடியிருந்தது வேல்ஸ் நாட்டில் பார்மத் என்ற சிறு துறைமுக ஊருக்குப் பக்கத்தில். அந்த ஊர் நண்பர்கள் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கி ஒரு பந்தயமாக்கினார்கள். பார்மத்தில் கிளம்பி ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் வரை பாய்மரத்தில் போக வேண்டும்; கடல் தூரம் சுமார் 389 மைல். வழியில் மூன்று இடங்களில் கரையிறங்கி மூன்று நாடுகளின் உச்சிகளையும் தொட வேண்டும். வேல்ஸின் ஸ்னோடன் 1,085 மீட்டர், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் 978, ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345. ஓர் அணிக்கு ஐந்து பேர். ஒவ்வொரு மலைக்கும் இருவர் ஓடுவார்கள். துறைமுக வாசலைத் தாண்டிவிட்டால் இயந்திரத்தைத் தொடக் கூடாது; காற்று செத்துவிட்டால் துடுப்புப் போடலாம். பத்து மீட்டர் நீளப் படகைக் கண்ணாடி போலக் கிடக்கும் கடலில் விடிய விடிய துடுப்புப் போட்டு நகர்த்திய அணிகள் உண்டு. முடிக்க மூன்று நான்கு நாளாகும். ஸ்காட்லாந்துத் தீவுகளிலும் 1983 முதல் இதே போல ஒரு பந்தயம் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 1989 முதல் பல ஆண்டுகள் நடந்தது.

எண்களை மட்டும் பார்த்தால் இவை பெரிய மலைகளே அல்ல. கினபாலு 4,095 மீட்டர். அதன் மேலும் கீழும் ஓடும் போட்டி 1987-இலேயே சபாவில் தொடங்கிவிட்டது. தேர்ந்த மலை ஓட்டக்காரருக்கு ஸ்னோடன் ஒரு காலை வேலை. தேர்ந்த மாலுமிக்கு 389 மைல் ஒரு வாரக் கடைசி. இரண்டையும் சேர்க்கும்போது மட்டும் ஏன் இருவருமே திணறுகிறார்கள்?

காதிலிருந்து தொடங்கலாம். உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவற்றிலுள்ள திரவம் சொல்லும். பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரு சிறு பைகள். ஈர்ப்பு விசை எந்தத் திசை, உடல் முடுக்கம் பெறுகிறதா என்பதை அவை சொல்லும். படகின் அறைக்குள் உட்கார்ந்திருப்பவரின் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. காது, மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறாய் என்கிறது. மூளைக்கு வரும் இந்த முரண்பட்ட செய்திகளே குமட்டலின் மூலம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எல்லா ஆட்டமும் ஒரே அளவு படுத்துவதில்லை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஏறி இறங்கும் ஆட்டம்தான் மிக மோசம். நடுத்தரப் படகு நடுத்தர அலையில் ஆடும் வேகமும் ஏறக்குறைய அதுதான்.

கடல்நோய் வாந்தியோடு நிற்பதில்லை. வயிறு காலியாவது மந்தமாகிறது; சாப்பிட்ட கஞ்சி குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். நீரும் உப்பும் போய்விடும். ஒருவித மந்தத் தூக்கமும் ஆர்வமின்மையும் கவியும். ஓட்டக்காரர் கரையில் கால் வைக்கும்போது, கிளம்புவதற்கு முன்பே பாதி ஓட்டம் ஓடி முடித்தவர் போல இருப்பார். கால் வைத்த பிறகு இன்னொரு வேடிக்கை. இரண்டு நாள் ஆட்டத்துக்கு மூளை பழகியிருக்கும். ஒவ்வொரு அலையையும் முன்கூட்டியே கழித்துக் கணக்குப் போடக் கற்றிருக்கும். அசையாத தரையில் நின்றதும் அந்தக் கழித்தல் நிற்காது. தரை ஆடும். சிலருக்குச் சில நிமிடம், சிலருக்குச் சில மணி நேரம். கல்லும் வேருமாய்க் கிடக்கும் மலைப்பாதையில், இரவில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், தரை ஆடுவது சின்ன விஷயமல்ல.

மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கடல்நோய் மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். காதின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபாலமின் பட்டையோ வாயை உலர்த்துவதோடு வியர்வையையும் குறைக்கும். குளிர் நாட்டில் அது பெரிய சங்கடமில்லை. ஆங்சியின் ஈரக்காட்டில் ஓடுபவருக்கு வியர்வை குறைந்தால் உயிருக்கே ஆபத்து. நீரிணைக்கு இந்தப் பந்தயத்தைக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் ஒரு மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அடுத்தது தொடை. மலை ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், ஆனால் தசைக்குப் பெரிய சேதமில்லை. இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் முழுப் பாரத்தையும் தடுத்து நிறுத்த, தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். நீளும்போது இழுக்கும் இந்த வேலையில் தசை இழைகளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழும். இறங்கிய அன்று இது தெரியாது. வீக்கமும் வலியும் உச்சத்துக்கு வருவது 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள். மூன்று மலைப் பந்தயத்தில் அந்த நேரக்கணக்குக்குள்தான் இரண்டாவது மலையும் மூன்றாவது மலையும் வரும். முதல் மலையில் துள்ளி இறங்கியவன் அதற்கான கடனை மூன்றாவது மலையில் அடைக்கிறான். அனுபவசாலிகள் ஸ்னோடனில் வேண்டுமென்றே மெதுவாக இறங்குவது இதனால்தான்.

இரண்டு மலைக்கும் நடுவே கால் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. அதுதான் கெடுதல். சாலையில் நாள்கணக்காக ஓடுபவர் நடந்தாவது காலை அசைத்துக்கொண்டிருப்பார். படகில், முட்டி மடங்கி, நனைந்த உடையோடு ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும். கெண்டைக்கால் தசையின் அழுத்தம் இல்லாததால் இரத்தம் கீழேயே தேங்கும். காயம்பட்ட தசை விறைத்துப்போகும். நல்ல அணிகளில், எவ்வளவு அலையடித்தாலும் ஓட்டக்காரர்கள் மணிக்கொரு முறை பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டாவது உட்கார்ந்து எழுவார்கள்.

எரிபொருள் கணக்கு இன்னும் கறாரானது. கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து நம் உடம்பு சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் சுமார் 400 முதல் 500 கிராம். ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. கார்னார்வன் துறைமுகத்திலிருந்து ஸ்னோடன் போய்வரும் ஓட்டம் சுமார் 24 மைல். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 3,000 கிலோகலோரியை விழுங்கிவிடும். மிச்சத்தைக் கொழுப்பும் வழியில் சாப்பிடும் இனிப்பும் ஈடுகட்ட வேண்டும். குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சக்கூடிய குளுக்கோஸ் 60 கிராம்தான். பழச்சர்க்கரையைக் கலந்தால் 90 வரை போகும். காலியான சேமிப்பு நிரம்ப நன்றாகச் சாப்பிட்டாலே ஒரு முழு நாள் வேண்டும். கிழிசல் விழுந்த தசையிலோ அது இன்னும் தாமதமாகும். இதையெல்லாம் குமட்டும் வயிற்றோடு செய்ய வேண்டும். வெறும் சோற்றுக் கஞ்சியும் உப்பும் எத்தனையோ விலையுயர்ந்த பொட்டலங்களைவிட அந்த நேரத்தில் உள்ளே தங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சிகள் நிறைய. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1997-இல் நேச்சர் இதழில் டாஸன், ரீட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று அது காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினாலே குற்றம். பந்தயத்தின் இரண்டாம் இரவில் சுக்கான் பிடிப்பவர் இந்த எல்லையை எப்போதோ தாண்டியிருப்பார். ஆகவே முறை வைத்துத் தூங்குகிறார்கள். ஓட்டக்காரருக்குத் தூக்கத்தில் முன்னுரிமை. ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென்று எழுப்பப்பட்டவரின் மூளை தெளிய கால் மணி, அரை மணி நேரம்கூட ஆகும். துறைமுகம் வருவதற்கு அரை மணிக்கு முன்பே ஓட்டக்காரரை எழுப்பி, வெளியே கொண்டுவந்து, தொடுவானத்தைப் பார்க்க வைத்து, இளஞ்சூட்டில் ஏதாவது குடிக்கக் கொடுக்கும் தலைவர் பல பந்தயங்களில் ஜெயிக்கிறார். படகின் வேகத்தை அரை நாட் (மணிக்கு அரைக் கடல் மைல்) கூட்டுவதைவிட அந்த அரை மணி நேரக் கவனிப்புக்கு மதிப்பு அதிகம்.

இந்தச் சவாலின் முழுக் கடினமும் அந்த அரை மணியைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கடலுக்கு உடம்பு பழகும், மலைக்கும் பழகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் நேரத்தில், பழக்கம் எல்லாமே எதிராகத் திரும்பிவிடுகிறது.

இந்தத் தாவலை மனிதர் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். போர்ட் டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனையில், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நின்று மேற்கே பாருங்கள். சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் கூட்டம் கூட்டமாகக் கடலைத் தாண்டி வரும். நீரிணை அங்கே குறுகல். எதிர்க்கரைத் தீவு சுமார் 38 கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தப் பருந்துகள் நிலத்தின் மேல் சிறகடிப்பதே அபூர்வம். வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் சுழன்று சுழன்று உயர்ந்து, பிறகு சறுக்கி, அடுத்த எழுகாற்றைப் பிடிக்கும். கடலின் மேல் அந்தக் காற்று எழுவது மிகக் குறைவு. கரையைத் தாண்டிய உடனே வேறு பறவையாக மாற வேண்டும். 38 கிலோமீட்டரும் பெரும்பாலும் சிறகடித்தே வர வேண்டும். அலை உயரத்துக்குத் தாழ்ந்துபோய், களைத்து, முனையின் மரங்களை உரசிக்கொண்டு கரையேறுபவை உண்டு. ஏறியதும் கலங்கரை விளக்கத்துக் குன்றின் மேல் எழும் வெப்பக் காற்று கிடைக்கும். சிறகை விரித்து, அசைக்காமல், இரண்டு சுற்று. மறுபடி மலைப்பறவை. 2000-ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைக் கழகம் அங்கே ஆண்டுதோறும் பருந்து பார்க்கும் நாளை நடத்துகிறது. செண்டாயானிலிருந்து அதிகத் தொலைவில்லை. குழந்தைகளை அழைத்துப்போங்கள்.

உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இனி, உடம்பு அடங்கி நடக்க வேண்டிய கடிகாரத்துக்கு வருவோம். நிலவின் இழுப்பால் கடல் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. நேற்று காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால் இன்று ஏழுக்குப் பத்து நிமிடம் முன்பு. இதோடு நீரோட்டமும் திசை மாறும். காற்று மெலிந்த இரவில் ஒரு படகு 4 நாட் வேகத்தில் நகர்கிறது என்று கொள்ளுங்கள். எதிரே 3 நாட் நீரோட்டம் இருந்தால் தரைக்கணக்கில் 1 நாட்தான் மிஞ்சும். பின்னாலிருந்து தள்ளினால் 7 நாட். ஒரே படகு, ஒரே காற்று, ஒரே மாலுமி. ஏழு மடங்கு வித்தியாசம். வேல்ஸின் மெனை நீரிணையில், இரண்டு பழைய பாலங்களுக்கு நடுவே பாறைகள் நிறைந்த ஒரு கழுத்து இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே நீர் 8 நாட் வரை பாயும். ஸ்னோடனிலிருந்து ஓட்டக்காரர்கள் இறங்கி வருவதற்கும் அந்தக் கழுத்து அமைதியாவதற்கும் பொருந்தினால் கடந்துவிடலாம். இருபது நிமிடம் பிந்தினால் ஆறு மணி நேரம் நங்கூரத்தில் கிடக்க நேரலாம். மலையில் ஒருவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இருபது நிமிடம், கடலில் ஆறு மணி நேரமாகப் பெருகுகிறது. ஓட்டத்தின் நடுவிலும் ஓட்டக்காரர் அலை அட்டவணையைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி புதிதல்ல. பால்வெட்டு ஏன் விடியுமுன்? இரவில் மரம் நீர் நிறைந்து நிற்கும். பால் ஓடும் குழல்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும், பால் ஓட்டம் சுருங்கிவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்தார்கள் நம் பாட்டிமார். மரத்தின் நேரம்தான் அவர்களுடைய நேரம். உறக்கமும் சாப்பாடும் பிள்ளைக்குப் பாலூட்டுவதும் அதற்கேற்ப மடங்கிக்கொண்டன. கடலோடி மலையேறுபவரும் இப்படித்தான். நிலவின் நேரத்துக்குத் தன் பசியையும் தூக்கத்தையும் மடக்குகிறார்.

மலாக்கா நீரிணைக்குத் தனிக் குணங்கள் உண்டு. கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். காற்று பெரும்பாலும் மெல்லியது. பகலில் கடலிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து கடலுக்கும் வீசும். தென்மேற்குப் பருவத்தில் மட்டும் ஜாக்கிரதை. சுமத்ராப் பக்கம் இரவில் திரண்ட இடிமேகங்கள் ஒரே வரிசையாக நீரிணையைக் கடந்து விடியற்காலையில் மேற்குக்கரையைத் தாக்கும். அசைவற்ற கடலில் பத்து நிமிடத்துக்குள் 40 நாட் காற்று. தூங்கி வழியும் மாலுமியின் உடல் வெப்பமும் விழிப்பும் மிகத் தாழ்ந்திருக்கும் நேரமும் அதே விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணி. அது போக, ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகும் வழி இது. மிதக்கும் மரக்கட்டைகளும் விளக்கில்லா வலைகளும் வேறு.

எப்போதும் இருப்பது வெக்கை. பிரிட்டனில் ஓடுபவர் குளிருக்குப் பயப்படுகிறார். இங்கே வியர்வை ஆவியாகாததற்குப் பயப்பட வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச்செல்லும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் காட்டில் வியர்வை ஆவியாகாமல் சொட்டித் தீரும். நீர் போகும், சூடு போகாது. உடம்பு இதற்கும் பழகும். பத்துப் பதினான்கு நாள் வெயிலில் உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரம் தொடங்கும். அதில் உப்பு குறையும். இங்கே பிறந்து வெயிலில் உழைத்து வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் அனுகூலம் உண்டு. குளிர்சாதன அறையிலேயே இருப்பவர்களுக்கு அது கிடையாது.

மலையும் கடலும் சந்திக்கும் இடத்துக்கு நம் வரலாற்றில் ஒரு பெயர் உண்டு: கெடாவின் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர், கடலோரத்திலிருந்தே நேராக எழுகிறது. ஓர் உச்சி எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். ஜெராய்க்கு ஏறக்குறைய 125. படகில் நிற்பவரின் கண் உயரத்துக்கு இன்னும் 6 சேர்த்தால் 130 கிலோமீட்டர், அதாவது 70 கடல் மைல். 4 நாட் வேகத்தில் வரும் கப்பலுக்குப் பதினேழு மணி நேரத்துக்கு முன்பே, வானம் தெளிவாக இருந்தால், கரை கண்ணில் படும். வங்கக் கடலை நேர்கிழக்காகக் கடந்து வந்தவர்களுக்கு இந்த மலைதான் அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில்களின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. கடாரம் என்று தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லும் நாடு இது. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கரை.

ஆனால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் கடலைக் கண்டது அப்படியல்ல. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கிலோ கிள்ளானிலோ இறங்கினார்கள். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை அந்த வழியில் ஓடியது. கடல் அவர்களுக்கு ஊரைப் பிரித்த தண்ணீர். இறங்கியவர்களைத் தோட்டம் உள்நாட்டில் கட்டிப்போட்டது. படகு வாங்கவோ பாய்மரம் கற்கவோ யாருக்கு வசதி, யாருக்கு நேரம்? பாய்மர விளையாட்டு இன்றும் பெரும்பாலும் பணமுள்ளவர்களின் கழகங்களுக்குள்ளேயே இருக்கிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது. மலையில் நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட மலேசியர் மகேந்திரன் முனிசாமி. கால் மணி நேரம் கழித்து அதே உச்சியில் நின்றவர் மோகனதாஸ் நாகப்பன். கடலிலும் மலேசியா சாதித்திருக்கிறது: 1999 பிப்ரவரியில் லங்காவியிலிருந்து தனியாகப் பாய்விரித்த அஸ்ஹார் மன்சோர் உலகைச் சுற்றி ஆகஸ்டில் அங்கேயே திரும்பினார். இரண்டு திறமையும் இந்த நாட்டில் இருக்கின்றன. ஒரே படகில் அவை ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஏற்றுவது கடினமில்லை. ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் போட்டி 1990 முதல் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை நடக்கிறது. படகுகளும் மாலுமிகளும் மீட்புப் பழக்கமும் அந்த வழியில் ஏற்கெனவே இருக்கின்றன. அதைத் தெற்கே போர்ட் டிக்சன் வரை நீட்டிப் பாருங்கள். முதல் மலை ஆங்சி, 825 மீட்டர். சைக்கிளில் செண்டாயான் வழியாகப் போய்வர வேண்டியது. பிறகு வடக்கே சுமார் 200 கடல் மைல், பினாங்கைத் தாண்டி ஜெராய், 1,217 மீட்டர். அங்கே கரை சேறும் ஆழமின்மையுமாக இருப்பதால், படகைத் தள்ளி நிறுத்திவிட்டு மீனவர் சம்பானில்தான் இறங்க வேண்டும். கடைசியாக லங்காவியின் குனோங் ராயா, 881 மீட்டர். மூன்றும் சேர்ந்து 2,923 மீட்டர். பிரிட்டனின் மூன்று உச்சிகள் 3,408. உயரத்தில் குறையும் 485 மீட்டரை வெக்கை தாராளமாக ஈடுகட்டிவிடும். தென்மேற்குப் பருவத்தின் விடியற்காலைப் புயல்களைத் தவிர்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு மலையடியிலும் மருத்துவர் நின்று உடல் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். கப்பல் பாதையைக் குறுக்கே வெட்டக் கூடாது.

சிரம்பான், ரெம்பாவ், போர்ட் டிக்சன் வட்டாரத்தில் சனிக்கிழமைதோறும் ஆங்சியும் குனோங் டத்தோவும் ஏறும் தமிழ் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். மலை உங்களுக்கு வந்துவிட்டது. இனி முதலில் நன்றாக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு போர்ட் டிக்சனில் ஏதாவது ஒரு படகில் கயிறு இழுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வாரக் கடைசிப் போட்டிகளுக்குப் பல படகுகளில் ஆள் பற்றாக்குறைதான். இரண்டு இரவு கடலில் கழித்துவிட்டுக் கரையிறங்கி, அன்றே ஆங்சி ஏறிப் பாருங்கள். பெற்றோரும் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் தொழில் செய்பவர்களும் ஒரு பழைய படகுக்குப் பணம் சேர்த்துக் கொடுங்கள். டில்மன் வாங்கிய மிஸ்சீஃபுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.